கீர்த்தனையைக் கீபோர்டில் ஏற்றும் முன்

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் ஒரே ஞாயிறு ஆராதனையில் பாமாலை (மேல்நாட்டு மெட்டில் பாடும் ஞானப்பாட்டு), கீர்த்தனை (நம் ராக தாளத்தில் கட்டிய பாட்டு), கன்வென்ஷன் கூட்டங்களில் பாடும் பாட்டு, வாலிபர் யூடியூபில் கேட்டுப் பழகிய புதுப்பாட்டு எல்லாமே வரும். பாடகர் குழு நடத்துகிற எனக்குக் கீர்த்தனையில்தான் கவலை. பாமாலைக்கு அச்சிட்ட இசைக்குறிப்பு உண்டு, புதுப்பாட்டுக்கு ரெக்கார்டிங் உண்டு. வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கட்டிவைத்த கீர்த்தனைக்கோ, எங்கள் பாட்டுப் புத்தகத்தில் ராகப் பெயரும் தாளப் பெயரும் மட்டும்தான். மெட்டு பாடினவர்கள் வாயில் இருக்கிறது.

அதனால் முதலில், சபையில் எழுபது தாண்டிய ஒருவர் வீட்டுக்குப் போங்கள். பாடச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். தொடையில் தாளம் தட்டியே பாடச் சொல்லுங்கள். ஒரு சரணம் கேட்டதும் எழுந்து வந்துவிடாதீர்கள். மூன்றாவது நான்காவது சரணத்தில் வார்த்தை கூடும்போது அவர்கள் எங்கே ஒடுக்குகிறார்கள், எங்கே மூச்சு விடுகிறார்கள் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இதைச் செய்யாமல் நான் பட்டிருக்கிறேன். ஓர் அசனப் பண்டிகைக்கு (சபையாய்க் கூடி விருந்துண்ணும் பண்டிகை) மிஸ்ர சாபு தாளக் கீர்த்தனை ஒன்றைக் கீபோர்டின் நாலு எண்ணிக்கை ரிதத்தில் போட்டோம். ‘தகிட தகதிமி’ என்று மூன்றும் நான்குமாய் ஏழு எண்ணிக்கை நடக்கிற பாட்டு. ‘தகிட’வை ஓர் எண்ணிக்கை இழுத்து எட்டாக்கிவிட்டோம். இரண்டாம் சரணத்தில் முன்வரிசைப் பெண்கள் பாடுவதை நிறுத்திவிட்டார்கள். முடிந்ததும் ஓர் ஆச்சி என் கையைப் பிடித்து, “மூச்சு விட எடமே இல்லியே தம்பி” என்றார்கள். அன்றிலிருந்து சாபுப் பாட்டுக்கு ஆட்டோ ரிதம் கிடையாது. கைத்தட்டல், தபேலா, இல்லையென்றால் வெறும் சுருதி.

அடுத்தது கார்டு (chord), அதாவது ஒன்றாகச் சேர்த்து ஒலிக்கும் சுரங்கள். கிட்டார் பிள்ளைகளுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மோகன ராகப் பாட்டை ஒரு கட்டையில், அதாவது சி சுருதியில், எடுத்தால் சி, டி, இ, ஜி, ஏ என்ற ஐந்து சுரம்தான். மத்யமமும் (ம, இங்கே எஃப்) நிஷாதமும் (நி, இங்கே பி) இல்லை. பழக்கத்தில் எஃப் மேஜர் பிடித்தால் அதில் மத்யமம் ஒலிக்கும். ஜி மேஜர் பிடித்தால் பி வழியாக நிஷாதம் நுழையும். பாடுகிறவர்கள் சரியாகப் பாடினாலும் ராகத்தின் முகம் மாறிவிடும். சி மேஜரும் ஏ மைனரும் போதும். ஜி தேவைப்படுகிற இடத்தில் ஜி, டி இரண்டை மட்டும் அழுத்தச் சொல்லுங்கள். வாலிபர்கள் காதால் ஒரு தரம் கேட்டுவிட்டால், பிறகு அவர்களே எஃப்-ஐத் தொடமாட்டார்கள்.

சுருதியைப் பல்லவியை வைத்து முடிவு செய்யாதீர்கள். சரணத்தின் உச்சத்தை முதலில் பாடிப் பாருங்கள். அங்கே சபை கத்தவேண்டி வந்தால் ஒரு கட்டை இறக்குங்கள்.

நேரமில்லை என்று சரணத்தைக் குறைக்க வேண்டியிருந்தால் முதல் இரண்டோடு நிறுத்தாதீர்கள். பல கீர்த்தனைகளில் சரணங்கள் கதையாய் நடக்கும். இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தில் தொடங்கின பாட்டு சிலுவைக்குப் போய்ச் சேர வேண்டும். திரையில் போடும்போது ஒவ்வொரு சரணத்தின் கீழும் பல்லவியின் முதல் அடியைச் சேர்த்துவிடுங்கள், சின்னப் பிள்ளைகளும் திரும்பி வந்து சேர்ந்துகொள்வார்கள்.