பழம் பிழிந்து டெக்கீலா காக்டெய்ல்: முதன்முறை கலப்பவர்களுக்கு

டெக்கீலா என்ற மெக்சிகோ மதுவின் பெயரைக் கேட்டதும், உப்பை நக்கி, ஒரே மடக்கில் விழுங்கி, எலுமிச்சையைக் கடித்து முகம் சுளிப்பதுதான் பலருக்கு நினைவு வருகிறது. அது பிறந்த மெக்சிகோவின் ஹாலிஸ்கோ மாநிலத்தில் வெயிலுக்கு வேறு வழக்கம் உண்டு. கிரேப்ஃப்ரூட் (பம்பளிமாஸ் இனத்தில், லேசாகக் கசக்கும் புளிப்புப் பழம்; திராட்சை அல்ல), ஆரஞ்சு, எலுமிச்சை ஆகியவற்றைக் கண்ணெதிரே பிழிந்து, உப்பும் ஐஸும் சோடாவும் சேர்த்து, பெரிய குவளையில் நிதானமாகப் பருகுகிறார்கள். கீழே உள்ள மூன்று செய்முறைகளும் அந்தப் போக்கில் அமைந்தவை. மூன்றிலும் பழத்துக்குத்தான் முதலிடம். அடைத்து விற்கும் சாறு கூடவே கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். சாறு பழையதானால் எந்த விலையுயர்ந்த மதுவாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

சட்டப்படி மது அருந்தும் வயது வந்தவர்களுக்கே இந்தப் பக்குவம். தமிழ்நாட்டில் அது 21. குடித்தபின் வண்டியைத் தொடாதீர்கள். இன்னொன்று: கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ் இரண்டும் கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளோடும், சில ரத்த அழுத்த மாத்திரைகளோடும் சேரக்கூடாதவை. தினமும் மாத்திரை எடுப்பவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். அந்த மாத்திரைகளில் சில மதுவோடும் ஒத்துப்போகாது.

பாட்டிலைப் பார்த்து வாங்குதல்

டெக்கீலா நீல அகாவே என்ற செடியின் அடித்தண்டை வேகவைத்து, பிழிந்து, புளிக்கவைத்து, காய்ச்சி வடிப்பது. நம் பக்கம் வேலியோரம் முள்ளோடு நிற்கும் ஆனைக்கற்றாழைக்கு இது நெருங்கிய உறவு. பாட்டிலில் '100% அகாவே' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், சர்க்கரையில் 51 சதவீதம் மட்டும் அகாவேயிலிருந்து வந்து, மீதி கரும்பு போன்றவற்றிலிருந்து வந்திருக்கலாம். வகைகளில் 'பிளாங்கோ' போதும். அது நிறமற்றது, பச்சிலை மணமும் லேசான மிளகுக் காரமும் உள்ளது, பழச்சாற்றோடு நன்றாகப் பொருந்தும். குறைந்தது 2 மாதம் ஓக் மரப்பீப்பாயில் இருந்த 'ரெப்போசாடோ'வும் சரிதான். ஓராண்டுக்கு மேல் இருந்த 'அன்யேஹோ'வைப் பழச்சாற்றில் ஊற்றுவது வீண்; அதைத் தனியாகப் பருகுங்கள்.

முன்தயாரிப்பு

தனிக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். இறுக மூடும் கண்ணாடி ஜாடி, டீ வடிகட்டி, மேசைக்கரண்டி போதும். ஒரு மேசைக்கரண்டி 15 மி.லி.; ஆக 3 கரண்டி டெக்கீலா, அதாவது 45 மி.லி., ஒருவருக்கான அளவு. ஊறுகாய் இருந்த ஜாடி மட்டும் வேண்டாம், எத்தனை கழுவினாலும் அதன் வாசனை போகாது.

சர்க்கரைப் பாகு: அரை கப் சர்க்கரையை அரை கப் சுடுநீரில் கரைத்து ஆறவிடுங்கள். கம்பிப் பதமெல்லாம் தேவையில்லை, கரைந்தால் போதும்.

ஐஸை முதல் நாளே, பெரிய கட்டிகளாக உறைய வையுங்கள். மூடி வையுங்கள், இல்லையென்றால் ஃபிரிட்ஜில் இருக்கும் மீன் வாசனை முழுவதையும் அது வாங்கிக்கொள்ளும். கிளாஸ் நிறைய ஐஸ் போடத் தயங்க வேண்டாம். நிறைய ஐஸ் மெதுவாகக் கரையும். இரண்டு கட்டி மட்டும் போட்டால் சீக்கிரம் கரைந்து பானம் நீர்த்துப்போகும்.

எலுமிச்சைக்குச் சற்று நேரம் கொடுங்கள். மெக்சிகோக்காரர்கள் 'லிமோன்' என்று பிழிவது, நாம் சாதத்துக்குப் பிழியும் அதே சின்ன, மெல்லிய தோல் எலுமிச்சையினம்தான். ஆகவே இந்தப் பானங்களின் அசல் புளிப்பு நம் சந்தையிலேயே கிடைக்கிறது. பழத்தைப் பலகையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டி, குறுக்கே வெட்டுங்கள். கத்தி இறங்கும்போது தோலின் எண்ணெய் பொடிப்பொடியாகத் தெறித்து விரலெல்லாம் மணக்கும். அந்த எண்ணெயில்தான் எலுமிச்சையின் வாசமே இருக்கிறது. பிழியும்போது அதில் கொஞ்சம் சாற்றோடு சேர்ந்து இறங்கட்டும். ஆனால் கடைசிச் சொட்டுக்காகத் தோலை நசுக்கினால் கசப்பும் கூடவே வந்துவிடும். பிழிந்தபின் கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் வெயிலில் போகாதீர்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயிலில் புண்ணாகிக் கருத்துப்போவது உண்டு.

பலோமா: குலுக்கவே வேண்டாத பானம்

மெக்சிகோவில் மிகப் பிரபலமான டெக்கீலா பானங்களில் ஒன்று. அங்கே பெரும்பாலும் கடையில் விற்கும் கிரேப்ஃப்ரூட் சோடாவை ஊற்றுவார்கள். நாம் பழத்தையே பிழிவோம்.

1. உயரமான கிளாஸின் விளிம்பில் பாதிவட்டத்துக்கு மட்டும் எலுமிச்சைத் துண்டைத் தேய்த்து, கல் உப்புப் பொடியில் ஒற்றுங்கள். உப்பு வேண்டாம் என்று தோன்றினால் மறுபக்கமாகக் குடிக்கலாம்.
2. கிளாஸ் நிறைய ஐஸ். 45 மி.லி. டெக்கீலா, 60 மி.லி. கிரேப்ஃப்ரூட் சாறு, 15 மி.லி. எலுமிச்சைச் சாறு, 10 மி.லி. பாகு, ஒரு சிட்டிகை உப்பு.
3. குளிர்ந்த சோடாவை மேலே நிரப்பி, நீளக் கரண்டியால் ஒரே ஒரு முறை அடியிலிருந்து தூக்கிவிடுங்கள்.

உப்பைத் தவிர்க்காதீர்கள், கிரேப்ஃப்ரூட்டின் கசப்பை அடக்குவது சர்க்கரையைவிட உப்புதான். கிரேப்ஃப்ரூட் கிடைக்காத ஊரில் பம்பளிமாஸைப் பயன்படுத்துங்கள். கிரேப்ஃப்ரூட்டே பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம் என்பதால் சுவை வழிமாறாது. சுளையின் வெள்ளைத் தோலை உரித்துவிட்டுப் பிழியுங்கள். புளிப்பு குறைவாக இருந்தால் இன்னும் அரைக் கரண்டி எலுமிச்சை சேருங்கள்.

கந்தாரித்தோ: மண் குவளையில்

மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஹாலிஸ்கோவில் சாலையோரக் கடைகளில் சுடுமண் குவளையில் கொடுப்பார்கள். மெருகு பூசாத குவளையைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால், மண்ணின் நுண்துளைகளில் ஏறிய ஈரம் ஆவியாகி உள்ளே இருப்பதைக் குளிரவைக்கும். கோடையில் மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். நம்மவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. உணவுக்கென்று விற்கும், வண்ணம் பூசாத குவளையாகப் பார்த்து வாங்கி, கால் மணி நேரம் முழுக்க நனைய விடுங்கள்.

ஈரத்தை உதறிவிட்டு, விளிம்பில் உப்பும் மிளகாய்த்தூளும் சம அளவில் கலந்து ஒற்றுங்கள். உள்ளே ஐஸ் போட்டு, ஆரஞ்சுச் சாறு 45 மி.லி., கிரேப்ஃப்ரூட் சாறு 45 மி.லி., எலுமிச்சைச் சாறு 15 மி.லி., நல்ல சிட்டிகை உப்பு, டெக்கீலா 45 மி.லி. ஊற்றுங்கள். பிழிந்த பழத் துண்டுகளில் இரண்டை அப்படியே குவளைக்குள் போடுங்கள், தோலின் மணம் கடைசிவரை இருக்கும். மீதியைச் சோடாவால் நிரப்புங்கள். பழங்கள் இனித்தால் பாகு வேண்டாம்; முதலில் சாற்றை மட்டும் ருசி பார்த்து முடிவெடுங்கள். உதட்டில் மிளகாய்க் காரமும் நாக்கில் புளிப்பும் இருக்க, மழை விழுந்த மண்ணின் வாசம் குவளையிலிருந்து எழும். கண்ணாடி கிளாஸில் இது கிடைக்காது.

தர்பூசணி மார்கரிட்டா

மார்கரிட்டா என்பது டெக்கீலாவோடு எலுமிச்சைப் புளிப்பும் இனிப்பும் சேர்த்துக் குலுக்கும் பானம். தர்பூசணியில் வாசம் மெல்லியது; டெக்கீலா எளிதில் அதை மூடிவிடும். அதனால் சாறு தாராளமாக வேண்டும். விதை நீக்கிய துண்டுகளை மிக்ஸியில் சில நொடிகள் மட்டும் ஓட்டி வடிகட்டுங்கள், நெடுநேரம் ஓட்டினால் நுரைதான் மிஞ்சும். ஜாடியில் ஐந்தாறு புதினா இலைகளை விரலால் லேசாகக் கசக்கிப் போட்டு, 90 மி.லி. தர்பூசணிச் சாறு, 45 மி.லி. டெக்கீலா, 20 மி.லி. எலுமிச்சைச் சாறு, சிட்டிகை உப்பு, தேவைப்பட்டால் 10 மி.லி. பாகு சேருங்கள். காரம் பிடித்தவர்கள் விதை நீக்கிய பச்சைமிளகாயில் ஒரு வட்டத்தை மட்டும் போடலாம். ஐஸை நிறைத்து, மூடியை இறுக்கி, ஜாடியின் வெளிப்புறம் வியர்க்கும்வரை, ஏறக்குறைய 15 நொடி, பலமாகக் குலுக்குங்கள். டீ வடிகட்டியில் வடித்து, புது ஐஸ் உள்ள கிளாஸில் ஊற்றுங்கள்.

தர்பூசணி மிஞ்சினால் சின்னச் சதுரங்களாக வெட்டி உறைய வையுங்கள். அடுத்த முறை ஐஸில் பாதிக்கு அவற்றைப் போடலாம்; கரையக் கரையத் தண்ணீருக்குப் பதில் பழச்சாறு இறங்கும்.