போக்கர் டோர்னமென்ட்டின் கடைசிக் கட்டத்தில் சிப்ஸ் குறைந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையில் 2,40,000 சிப்ஸ் இருக்கிறது என்று சொன்னால் போதாது. எத்தனை பிக் பிளைண்ட் இருக்கிறது என்று பாருங்கள் (ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் இருவர் கட்டாயமாகப் போடும் பந்தயங்களில் பெரியது பிக் பிளைண்ட்; அதில் பாதி ஸ்மால் பிளைண்ட்). பிக் பிளைண்ட் 20,000 என்றால் 12. குறித்த நேரத்துக்கு ஒருமுறை பிளைண்டை உயர்த்தும் லெவல் ஏறி அது 30,000 ஆனதும் அதே சிப்ஸ் வெறும் 8 ஆகிவிடும், ஒரு ஆட்டம்கூடத் தோற்காமலே. ஆன்ட்டி (எல்லோர் சார்பிலும் நடுவில் போடும் கட்டாயத் தொகை) முழுவதையும் பிக் பிளைண்டில் இருப்பவரே கட்டும் முறையில் ஒரு சுற்றுக்கு இரண்டரை பிளைண்ட் கரையும்: பிக் பிளைண்ட் ஒன்று, ஸ்மால் பிளைண்ட் அரை, ஆன்ட்டி ஒன்று. லெவல் கடிகாரத்தைப் பார்க்காமல் ஆடுவது முதல் தவறு.

அதைவிடப் பெரிய தவறு, "நல்ல சீட்டு வரட்டும்" என்று காத்திருப்பது. 1982 வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கரில் ஜாக் ஸ்ட்ராஸ் ஒரே ஒரு சிப்பிலிருந்து மீண்டு வந்து பட்டம் வென்றதாகச் சொல்லப்படும் கதையை எல்லோரும் கேட்டிருப்பார்கள். அதையே திட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது. 3 பிளைண்டோடு ஆல்-இன் போனால் (இருப்பது முழுவதையும் பந்தயம் வைத்தால்), பிக் பிளைண்டில் இருப்பவர் இன்னும் 2 போட்டால் போதும், நடுவில் 5.5 கிடக்கிறது. அவருக்கு 27 சதவீத வாய்ப்பு இருந்தாலே லாபம் என்பதால், ஏறக்குறைய எந்தச் சீட்டோடும் கால் செய்வார் (அந்தத் தொகையைப் போட்டு ஆடுவார்). அதுவே 10 பிளைண்ட் என்றால் அவர் 9 போட வேண்டும், 42 சதவீதம் வேண்டும். ஜாக்–4, 7–2 எல்லாவற்றையும் ஃபோல்ட் செய்துவிடுவார், அதாவது அந்த ஆட்டத்தை விட்டு விலகிவிடுவார். எதிராளியை ஃபோல்ட் செய்ய வைக்கும் அந்த பலம்தான் உங்கள் சொத்து. 10 பிளைண்டில் அது இருக்கிறது, 3 பிளைண்டில் இல்லை.

பட்டனிலிருந்து (பின்னால் பிளைண்ட் போட்ட இருவர் மட்டுமே இருக்கும் டீலர் இடம்) 10 பிளைண்டோடு ஆல்-இன் போகிறீர்கள் என்று வையுங்கள். எல்லோரும் ஃபோல்ட் செய்தால் 2.5 பிளைண்ட் கிடைக்கும், அதாவது இருப்பில் கால் பங்கு. கால் வந்து உங்களுக்கு 35 சதவீத வாய்ப்பு மட்டும் இருந்தால் சராசரியாக அதே 2.5 அளவுதான் நஷ்டம். ஆகவே பாதித் தடவை ஃபோல்ட் ஆனாலே கைக்காசு தப்பிவிடும், அதற்கு மேல் எல்லாம் லாபம்.

இந்தக் கணக்கை அறியாதவர்கள் 10 பிளைண்ட் வைத்துக்கொண்டு 2 பிளைண்டுக்கு மட்டும் ரெய்ஸ் செய்வார்கள் (பந்தயத்தை உயர்த்துவார்கள்). பிக் பிளைண்ட் ஆல்-இன் போனதும், கிங்–9 வைத்திருந்தவர் பயந்து ஃபோல்ட் செய்வார். இருப்பில் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. அந்த இடத்தில் 8 போட்டால் 13.5 கிடைக்கும், 37 சதவீதமே போதும் என்பதால் பெரும்பாலும் கால்தான் சரி. எப்படியும் எல்லாவற்றையும் போடப்போகிறோம் என்றால் முதலிலேயே போட்டுவிட வேண்டும், அப்போதாவது எதிராளி ஃபோல்ட் செய்ய வாய்ப்பு உண்டு.

வேறொருவர் 2.2-க்கு ரெய்ஸ் செய்தபின் 8 பிளைண்டோடு மேலே ஆல்-இன் போவதும் இதே ரகம். ரெய்ஸ் செய்தவருக்கு 31 சதவீதம் போதும், விடமாட்டார். நல்ல சீட்டு இருந்தால் மட்டும் போங்கள். 18 பிளைண்ட் இருந்தால் அவருக்கு 41 சதவீதம் தேவைப்படும். அங்கேதான் அந்த ஆட்டம் எடுபடும்.

சீட்டுத் தேர்விலும் ஒரு கண்கட்டு இருக்கிறது. பின்னால் எட்டுப் பேர் இருக்கும்போது ஏஸ்–4 பெரிதாகத் தெரியும். ஆனால் கால் செய்பவரிடம் பெரும்பாலும் அதைவிடப் பெரிய ஏஸோ ஜோடியோ இருக்கும். ஏஸ்–குயினுக்கு எதிரே அதன் வாய்ப்பு நான்கில் ஒரு பங்கை ஒட்டியதுதான். இரண்டும் ஹார்ட்ஸாக இருக்கும் குயின்–ஜாக், ஏஸ்–கிங்குக்கு எதிரே சுமார் 40 சதவீதம் நிற்கும்.

பபிளில், அதாவது இன்னும் ஒருவர் வெளியேறினால் மற்றவர் எல்லோருக்கும் பரிசு என்ற கட்டத்தில், கணக்கு மாறும். 46 பேர் மிச்சம், 45 பேருக்குப் பரிசு; உங்களிடம் 8 பிளைண்ட், வேறு இரண்டு பேரிடம் 2 பிளைண்ட்தான். ஸ்மால் பிளைண்டிலிருந்து பெரிய இருப்புக்காரர் ஆல்-இன் போகிறார், உங்களிடம் கிங்–8. சிப்ஸ் கணக்கு கால் சொல்லும். பரிசுக் கணக்கு ஃபோல்ட் சொல்லும். ஆல்-இன் நீங்களே போனால் ஜெயிக்க இரண்டு வழி, கால் செய்தால் சீட்டு ஜெயித்தால் மட்டுமே. ஆனால் இதற்காக ஒடுங்கி உட்கார்ந்துவிடாதீர்கள். 12, 15 பிளைண்ட் வைத்திருக்கும் நடுத்தர ஆட்கள் இந்த நேரத்தில் கால் செய்யவே தயங்குவார்கள். அவர்கள் பிளைண்டில் இருக்கும்போது ஆல்-இன் போங்கள். 2 பிளைண்டோடு பிக் பிளைண்டில் இருப்பவர் எப்படியும் கால் செய்வார் என்பதால், அவரிடம் வெறும் சீட்டோடு போகாதீர்கள்.