லேத்தில் ஒரு மரப் புகைக்குழாய்: முதலில் துளை, அப்புறம்தான் வடிவம்

புகைக்குழாய் செய்யலாம் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வெளிவடிவத்தைத்தான் வரைகிறார்கள். நீங்கள் துளைகளை வரையுங்கள். வெளியே கொஞ்சம் கோணினால் அரத்தால் சரிசெய்துவிடலாம். உள்ளே துளை கோணினால் அந்தக் கட்டை விறகுதான்.

மொத்தம் மூன்று துளைகள். புகையிலை போடும் அறை 20 மி.மீ. அகலம், 40 மி.மீ. ஆழம். அதன் அடிக்கு வந்து சேரும் புகைவழி 4 மி.மீ. வாய்க்குழலின் முளை (மரத்துக்குள் போகும் ஒடுங்கிய முனை) செருகும் குழி 8 மி.மீ. அகலம், 20 மி.மீ. ஆழம். புகைவழி அறையின் தரையை ஒட்டி, நட்ட நடுவில் திறக்க வேண்டும். என் முதல் குழாயில் அது 3 மி.மீ. மேலே திறந்துவிட்டது. அடியில் கிடந்த புகையிலை எரியவே இல்லை. ஒவ்வொரு முறையும் ஈரக் கசடாகத் தங்கியது.

மரம்

பிரையர் கிடைத்தால் வேறெதையும் தேடாதீர்கள். மத்தியதரைக் கடலோரம் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதரின் வேருக்கும் தண்டுக்கும் நடுவே திரளும் முண்டு அது. அறுத்த கட்டைகளை மணிக்கணக்கில் வேகவைத்துச் சாறு இறக்கி, மாதக்கணக்கில் உலர்த்திய பிறகே விற்கிறார்கள். சூட்டைத் தாங்கும், எளிதில் வெடிக்காது. பிரான்சின் சேன் குளோத் ஊரின் கடைசல்காரர்கள் 1850-களிலிருந்து இதில்தான் குழாய் கடைகிறார்கள். இல்லையென்றால் நன்றாகக் காய்ந்த செர்ரி அல்லது ஆலிவ். பிசின் வடியும் மரம், பெயிண்ட் கண்ட மரம், பெயர் தெரியாத மரம் எதுவும் வேண்டாம்.

நேரான குழாய்க்கு 90 மி.மீ. நீளம், 55 உயரம், 40 கனம் உள்ள கட்டை போதும். பக்கவாட்டில் பென்சிலால் இரண்டு கோடுகள் போடுங்கள். அறையின் மையக்கோடு முன்விளிம்பிலிருந்து 20 மி.மீ. தள்ளி, செங்குத்தாக. புகைவழியின் மையக்கோடு மேல்விளிம்பிலிருந்து 38 மி.மீ. கீழே, படுக்கையாக. 4 மி.மீ. துளையின் அடிப்பக்கம் அப்போது சரியாக 40-இல் வந்து நிற்கும்.

லேத்தில்

நான்கு தாடைகளும் தனித்தனியே நகரும் சக் (கட்டையைப் பிடித்துச் சுழற்றும் பகுதி) வேண்டும். மையம் கட்டையின் நடுவில் இல்லையே. கைப்பிடி (அறைக்கும் வாய்க்குழலுக்கும் நடுவே வரும் தண்டு) இருக்கும் பக்கம் டெயில்ஸ்டாக்கை, அதாவது சக்குக்கு எதிரே கூர்முனையோ பிட்டோ தாங்கி நிற்கும் பகுதியை, பார்த்திருக்கும்படி கட்டையைப் பிடித்து, படுக்கைக் கோட்டின் முனைக்கு நேராக டெயில்ஸ்டாக் கூர்முனை வரும்வரை தாடைகளைத் திருகுங்கள். முகத்தைச் சமமாகச் சீவி, கைப்பிடியை 16 மி.மீ. உருளையாகக் கடையுங்கள். பிறகு 8 மி.மீ. குழி, அதற்குள்ளிருந்து 4 மி.மீ. புகைவழி. நீளமான துளை பிட் வழிமாறக்கூடியது. குட்டையான பிட்டால் தொடங்கிவைத்து, அடிக்கடி வெளியே எடுத்துத் தூளை உதிர்த்து, 70 மி.மீ.-இல் நிறுத்துங்கள். இவ்வளவும் முடியும்வரை கட்டையைச் சக்கிலிருந்து கழற்றக் கூடாது. ஒரே பிடியில் செய்தால்தான் குழியும் புகைவழியும் ஒரே கோட்டில் இருக்கும்.

இப்போது கட்டையைத் திருப்பி, மேல்முகம் டெயில்ஸ்டாக்கைப் பார்க்கப் பிடியுங்கள். கைப்பிடி விமான விசிறி மாதிரி சுற்றப்போகிறது, அதனால் இங்கே அவசரமே கூடாது. மோட்டாரைப் போடுமுன் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, டூல் ரெஸ்ட்டில் (உளியைத் தாங்கும் கட்டை) எதுவும் இடிக்கவில்லை என்று பாருங்கள். நிமிடத்துக்கு 500 சுற்றுக்கு மேல் வேண்டாம். கையுறை, தொங்கும் சட்டைக்கை இரண்டும் ஆகாது. கண்ணாடியும் தூசிக்கு நல்ல மாஸ்க்கும் கட்டாயம்.

அறைக்கு 20 மி.மீ. தட்டை பிட் ஒன்றின் முனையை அரைக்கல்லில் வட்டமாக்கிக்கொள்ளுங்கள். பிட்டில் 37 மி.மீ. அளவில் டேப் ஒட்டி, அதுவரை துளைத்து நிறுத்துங்கள். லேத் முழுதாக நின்றதும் தூளை ஊதிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். தரையில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கறுப்புக் கீற்று தெரியும். புகைவழி வாய் திறந்துவிட்டது. அங்கிருந்து அரை மில்லிமீட்டராக இறங்கி 40-இல் நிறுத்துங்கள். அறையைச் சுற்றியுள்ள கிண்ணத்தின் வெளிப்புறத்தில் உளி எட்டும் பகுதியை 38 மி.மீ. உருளையாகக் கடையலாம், மீதியெல்லாம் வாளும் அரமும்தான்.

வாய்க்குழல்

எபோனைட்டிலோ (கெட்டி ரப்பர்) அக்ரிலிக்கிலோ அச்சில் வார்த்த வாய்க்குழல் வாங்கிக்கொள்வதே ஆரம்பத்துக்கு நல்லது. முளை கொஞ்சம் தடிமனாகவே வரும். 8 மி.மீ.-ஐ நெருங்கும்வரை கடைந்து, அப்புறம் உப்புத்தாளால் தேய்த்து, தேய்த்துச் செருகிப் பாருங்கள். லேசாகத் திருகினால் உள்ளே போக வேண்டும், தொளதொளக்கக் கூடாது. முளையின் நீளம் குழியைவிட அரை மி.மீ. குறைவாக இருக்கட்டும்.

வாய்க்குழலைக் கழற்றாமலே கைப்பிடியையும் அதையும் சேர்த்துத் தேயுங்கள். இணைப்பு விரலில் தட்டாது. 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 220, 320, 400, 600 என்று போங்கள். நடுவில் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் எழும்பிய நார் அடுத்த தாளில் போய்விடும். கடைசியில் வெளிப்புறத்துக்குக் கார்னோபா மெழுகு. வார்னிஷ் சூட்டில் உரியும், வேண்டாம். அறைக்குள் சாயமோ எண்ணெயோ பூசவே கூடாது.

இனி வாய்க்குழலின் முனையிலிருந்து ஒரு பைப் கிளீனரை விட்டுப் பாருங்கள். எங்கும் முட்டாமல் போய் அறையின் தரையில் தலைகாட்டினால் குழாய் தயார்.