கருவேலம்பட்டைக் கசாயம்: வாய் கொப்பளிக்கக் காய்ச்சும் முறை

ஈறு வீங்கினாலோ வாயில் புண் வந்தாலோ கருவேலம்பட்டையைக் காய்ச்சிக் கொப்பளிப்பது சித்த மருத்துவத்தில் பழைய வழக்கம். மரப்பட்டை மருந்துகளைப் பழக நினைப்பவர்கள் இதிலிருந்தே தொடங்குங்கள் என்பேன். சரக்கு ஒன்றே ஒன்று. விழுங்கவும் வேண்டாம், துப்பிவிடலாம்.

இதில் வேலை செய்வது துவர்ப்பு, அதாவது டானின். டானின் புரதத்தைக் கண்டால் பிடித்துக்கொள்ளும். எச்சிலில் இருக்கும் புரதம் அதனிடம் சிக்குவதால்தான் வாய் வறண்டு இழுக்கிறது. புண்ணில் படும்போது மேற்பரப்புப் புரதம் இறுகி மெல்லிய படலமாகிவிடும். கசிவும் எரிச்சலும் குறையும். தோல் பதனிட இந்தப் பட்டையைப் பயன்படுத்துவதும் இதே குணத்தால்தான்.

முதல் வேலை, மரத்தைச் சரியாக அடையாளம் காண்பது. சீமைக் கருவேலத்தை இதுவென்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு மரம். கருவேலத்தின் பூ உருண்டையாக, நல்ல மஞ்சளாக இருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீளக் கதிராக வரும். காயைப் பார்த்தால் சந்தேகமே வராது: கருவேலங்காய் விதைக்கு விதை இடுங்கி, மணி கோத்த மாலை மாதிரி தொங்கும்.

அடுத்து, பட்டை எடுப்பது. அடிமரத்தைச் சுற்றி வளையமாக உரிக்கவே கூடாது. இலை தயாரிக்கும் உணவு வேருக்கு இறங்குவது உள்பட்டை வழியாகத்தான். அந்த வழி அறுந்தால் வேர் பட்டினி கிடந்து மரமே பட்டுப்போகும். கழித்துப் போட்ட கிளையிலிருந்து உரித்தால் போதும். மேலே இருக்கும் கரடுமுரடான கருந்தோலைச் சுரண்டி நீக்கிவிட்டு, உள்ளே சிவந்திருக்கும் பகுதியை நிழலில் காய வையுங்கள். மடக்கினால் பட்டென்று ஒடிய வேண்டும்.

காய்ந்ததும் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். மாவாக்கினால் பிறகு வடிகட்டுவது பெரும்பாடு.

இப்போது காய்ச்சலாம். 20 கிராம் பட்டைக்கு 400 மில்லி தண்ணீர். மண்சட்டி அல்லது எவர்சில்வர் பாத்திரம் நல்லது. இரும்புச் சட்டி மட்டும் வேண்டாம். டானினும் இரும்பும் சேர்ந்தால் கசாயம் எழுதுகிற மையாகவே கறுத்துவிடும். மூடாமல் சிறு தீயில் வைத்து, நாலுக்கு ஒன்றாக, அதாவது 100 மில்லியாக வற்றவிடுங்கள். நிறம் முதலில் இளஞ்சிவப்பாகி, அப்புறம் அடர்ந்த செம்பழுப்புக்கு வரும். இறக்கி, துணியில் வடிகட்டுங்கள்.

பட்டையின் சத்து இறங்கியிருக்கிறதா என்று பார்க்க, ஆறிய கசாயத்தில் ஒரு சொட்டைத் துருப்பிடித்த ஆணியின் மேல் விடுங்கள். பட்ட இடம் கருநீலமாக மாறினால் டானின் இறங்கிவிட்டது. (அந்த ஆணியைக் கசாயத்துக்குள் போட்டுவிடாதீர்கள்.)

வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒரு வாய் எடுத்து, அரை நிமிடம் கொப்பளித்துத் துப்புங்கள். காலையும் இரவும் செய்தால் போதும். துவர்ப்பு தாங்கவில்லையென்றால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கலாம். அன்று காய்ச்சியதை அன்றே தீர்த்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் கெட்டுப்போகும்.

துப்பத் தெரியாத சிறு குழந்தைகளுக்கு இது வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் தவறியும் விழுங்கக் கூடாது, டானின் இரும்பை உடலில் சேரவிடாது. இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணுக்கும், தொடர்ந்து ரத்தம் கசியும் ஈறுக்கும் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

மரப்பட்டை என்றாலே சாது என்று எண்ணி, அடுத்த பட்டையைக் காய்ச்சிக் குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். 1820இல் சின்கோனா பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்கான குயினைனைப் பிரித்தார்கள். அளவு மீறினால் அதே குயினைன் காதையும் கண்ணையும் இதயத்தையும் தாக்கும். உள்ளுக்குச் சாப்பிடும் பட்டை எதுவானாலும் தேர்ந்த மருத்துவர் அளவு சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

மிச்சப் பட்டையை ஈரம் படாத டப்பாவில் போட்டு, மேலே பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். பூஞ்சை வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.