வேர்க்கடலையில் பூஞ்சை நச்சு: ஸ்ட்ரிப் கிட் வைத்துப் பார்ப்பது எப்படி?

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் கடலை மிட்டாய் போடும் என் மச்சான், யஷ்வந்த்பூர் யார்டில் ஆறு மூட்டை உரித்த வேர்க்கடலை எடுத்திருந்தார். ஒரு கை அள்ளிக் காட்டி, "பளபளன்னு இருக்கு, இதுல என்ன டெஸ்ட்?" என்றார். பூஞ்சை விடும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு கண்ணுக்குத் தெரியாது, வறுத்தாலும் முழுசாகப் போகாது. சிலர் ரூபாய் நோட்டு பார்க்கும் யுவி டார்ச்சை அடித்துப் பார்க்கிறார்கள். மக்காச்சோளத்தில் தெரியும் அந்தப் பச்சை கலந்த மஞ்சள் ஒளிகூட பூஞ்சை விடும் கோஜிக் அமிலத்தால் வருவது, நச்சினால் அல்ல. டார்ச் நோட்டுக்கே இருக்கட்டும்.

முதலில் மாதிரி எடுப்பது. முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். நச்சு மூட்டை முழுக்கச் சீராகப் பரவியிருக்காது. ஆயிரக்கணக்கான பருப்பில் ஒன்றிரண்டில் மொத்தமாகச் சேர்ந்திருக்கும், மேலாக ஒரு கைப்பிடி அள்ளினால் அது அகப்படவே அகப்படாது. ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று குத்தூசி விட்டு எடுத்து, நாலைந்து கிலோ சேருங்கள். அதில் 50 கிராமை மட்டும் அரைப்பது அடுத்த தப்பு. அத்தனையும் அரைத்து, நன்றாகக் கலந்து, அப்புறம்தான் கிட் கேட்கும் அளவை நிறுக்க வேண்டும். கடலை சீக்கிரம் விழுதாகிவிடும், மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். அந்த ஜாரில் மறுபடி சட்னி அரைக்காதீர்கள்.

அடுத்து கரைசல். பல கிட்டுகளில் 70 சதவீத மெத்தனால் ஊற்றி, மூடிக் குலுக்கி, தெளிய விடச் சொல்வார்கள். மெத்தனால் விஷம், தீயும் பிடிக்கும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. தெளிந்ததை கிட்டோடு வரும் பஃபர் திரவத்தில் கலந்து ஸ்ட்ரிப்பில் விடுங்கள். அளவும் நிமிடமும் கிட்டுக்குக் கிட்டு மாறும், உள்ளே இருக்கும் தாளைப் படியுங்கள்.

இப்போது கோடு. கோவிட் கிட் பார்த்த பழக்கத்தில் இரண்டு கோடு வந்ததும் மச்சானுக்கு முகமே வெளுத்துவிட்டது. இங்கே கதை தலைகீழ். டி என்பது சோதனைக் கோடு, சி என்பது ஸ்ட்ரிப் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கோடு. நிறம் ஏற்றிய ஆன்டிபாடி, அதாவது நச்சைப் பிடிக்கும் புரதம், டி கோட்டில் போய் ஒட்டினால்தான் அந்தக் கோடு தெரியும். மாதிரியில் நச்சு இருந்தால் அது ஆன்டிபாடியை முன்னாலேயே பிடித்துக்கொள்ளும், கோடு மங்கும் அல்லது வராது. ஆக, இரண்டு கோடு நல்லது. சி கோடே வரவில்லையென்றால் ஸ்ட்ரிப் கெட்டுப்போனது, வேறொன்று போடுங்கள்.

கிட் எந்த அளவில் பிடிக்கும் என்று பார்த்து வாங்குங்கள். மேற்கொண்டு பதப்படுத்தப் போகும் கடலைக்கு நம் நாட்டில் வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், அதாவது ஒரு டன்னில் 15 மில்லிகிராம்.

டி கோடு மங்கினால் மீதித் தூளை அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்பி, எச்பிஎல்சி என்ற, நச்சைப் பிரித்து அளக்கும் முறையில் எண்ணாகவே வாங்கிவிடுங்கள். அதுவரை மூட்டையை ஓரமாக வையுங்கள், நல்ல சரக்கில் கலக்க வேண்டாம். செக்கில் ஆட்டி, பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். மாடு தின்ற நச்சு எம்1 என்ற வடிவில் பாலில் வந்து நிற்கும்.