ஏற்காட்டு மலைப்பாதையில் பழைய பொலிரோவில் டிரெய்லர் இழுக்க

எங்கள் பொலிரோ 2,80,000 கி.மீ. தாண்டிவிட்டது. இன்னும் மிளகு, காப்பி மூட்டைகளோடு சேலத்துக்கு இறங்கி, உர மூட்டையோடு மலையேறுகிறது. பழைய வண்டியில் டிரெய்லர் கட்ட நினைப்பவர்கள் முதலில் இன்ஜினைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவையும் நல்ல டீசல் இன்ஜின் சின்ன கியரில் ஏறிவிடும். பாரத்தோடு இறங்கும்போது நிற்க வேண்டுமே, அதுதான் பெரிய விஷயம். கையில் இருக்கிற பணத்தை முதலில் பிரேக்கில் போடுங்கள்.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் சேரும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். டப்பாவில் ஆயில் கறுத்திருந்தால் மேலே கொஞ்சம் ஊற்றிச் சமாளிக்காதீர்கள். முழுக்க வடித்துப் புதிது ஊற்றி, நாலு சக்கரத்துக்கும் போகும் பிரேக் குழாயில் காற்று எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இதைச் செய்தாக வேண்டும். பின் டிரம்மைக் கழற்றும்போது பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரை விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே நனைந்திருந்தால் கசிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது சூடு. ரேடியேட்டரை இன்ஜின் ஆறிய பிறகு, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வேகமாக அடித்தால் தகடு மடங்கும். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம், சூடே ஏறாது" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு அது. கழற்றினால் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் தேய்மானமும் டீசலும் கூடும். பழையது கெட்டிருந்தால் புதிது போடுங்கள். ஹோஸைக் கையால் அமுக்கினால் நொறநொறவென்று இருந்தால் மாற்றிவிடுங்கள்.

பின் ஹவுசிங் (பின் அச்சின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் கூடு) ஆயிலை வடிக்கும்போது அதன் காந்த பிளக்கைத் துடைத்துப் பாருங்கள். பசை மாதிரி மெல்லிய இரும்புத்தூள் இருந்தால் பரவாயில்லை. செதில் செதிலாகத் துண்டு கிடந்தால், அதைச் சரி செய்யாமல் டிரெய்லர் கட்டக் கூடாது. கிளட்ச் மேட்டில் வழுக்கினால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். கியர் பாக்ஸை இன்னொரு தடவை இறக்குகிற கூலி மிச்சம்.

டிரெய்லரை மாட்டும் கொக்கி பம்பரில் தொங்கக் கூடாது. சேஸிஸ் சட்டத்தின் இரு பக்கமும் பட்டை வைத்து போல்ட் போட்டு முறுக்க வேண்டும். சேலத்தில் கோரிமேட்டிலோ ஐந்து ரோட்டிலோ எங்கே கட்டினாலும், முதல் பாரத்துக்குப் பிறகு போல்ட்டை மறுபடி முறுக்கிப் பாருங்கள். பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்தால் பின்பக்கம் தொய்யாது, ஆனால் பிரேக்கும் அச்சும் பழையபடிதான் இருக்கும். அதனால் தயாரிப்பாளர் சொன்ன இழுவை எடையைத் தாண்டாதீர்கள். டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும், அதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் முடித்துவிடுங்கள்.

பாரம் ஏற்றுவதில்தான் பலரும் கவனம் வைப்பதில்லை. டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்க வேண்டும். 600 கிலோ என்றால் 60 கிலோ. நாங்கள் காப்பி நிறுக்கும் மேடைத் தராசையே இதற்கு வைத்துக்கொள்கிறோம். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியில் மாட்டும் உயரத்துக்கு முட்டுக் கொடுத்து, டிரெய்லரின் கொக்கி முனையைத் தராசில் இறக்குவோம். குறைவாகக் காட்டினால் மூட்டையை முன்னே நகர்த்துவோம். பின்பாரம் கூடினால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும், வேகம் கூடக்கூட அது அடங்காது.

இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள். அடிவாரத்தில் நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பக்கமும் கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் பேரிங்கில் கிரீஸ் இல்லை. பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு கிளம்ப வேண்டும்.