பெங்களூருக்குப் புதிதா? பேசிப் பேசியே கன்னடம் பழகுங்கள்

பெங்களூரில் வேலை கிடைத்ததும் பலரும் முதலில் தேடுவது "முப்பது நாளில் கன்னடம்" மாதிரி ஒரு புத்தகத்தை, இல்லையென்றால் ஒரு செயலியை. பழங்களின் பெயர், நிறங்களின் பெயர் எல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். ஆனால் காய்கறிக்கடைக்காரர் வாயைத் திறந்ததும் ஒன்றும் பிடிபடாது. சொல் போதாததுதான் காரணம் என்று நினைத்து மறுபடி பட்டியலுக்கே போவார்கள். உண்மையில் குறை வேறு இடத்தில் இருக்கிறது.

உரையாடலின் வேகம்தான் சிக்கல். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஒருவர் கேள்வி கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதில் சொல்லத் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக 0.2 விநாடிதான் ஆகிறது. ஒரே ஒரு சொல்லை யோசித்து வாய்க்குக் கொண்டுவரவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும். அப்படியென்றால், எதிராளி பேசி முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம். புதுமொழியில் அது நடக்காது. அதனால் முதல் வேலை, பேச்சின் வேகத்தை உங்கள் கைக்குள் கொண்டுவருவது.

படி 1: நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த நான்கையும் யோசிக்காமல் சொல்ல வரும்வரை வேறெதையும் தொடாதீர்கள்:

- அர்த்த ஆகலில்லா: புரியவில்லை
- இன்னொந்து சல ஹேளி: இன்னொரு தடவை சொல்லுங்கள்
- ஸ்வல்ப நிதானவாகி ஹேளி: கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்
- கன்னட கலீத்தா இதீனி: கன்னடம் கற்றுக்கொண்டிருக்கிறேன்

திருப்பிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தாய்மொழியில் பேசுபவர்களே சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை "என்ன?", "யாரு?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். பன்னிரண்டு மொழிகளின் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து பார்த்த 2015 ஆய்வு இதைக் காட்டியது.

நான்காவது வாக்கியம் தமிழர்களுக்கு மிக முக்கியம். பெங்களூரில் தமிழ் தெரிந்த கடைக்காரர்கள் நிறையப் பேர். நீங்கள் ஒரு நொடி தடுமாறினால் உதவும் எண்ணத்தில் தமிழுக்கு மாறிவிடுவார்கள். நல்ல மனசுதான், ஆனால் உங்கள் பாடம் அங்கேயே நின்றுபோகும். சிரித்த முகத்தோடு அந்த வாக்கியத்தைச் சொல்லி, "கன்னடதல்லே மாத்தாடி" (கன்னடத்திலேயே பேசுங்கள்) என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகக் கன்னடத்துக்குத் திரும்புவார்கள்.

படி 2: 'உம்' கொட்டுங்கள்

"ஹௌதா?" (அப்படியா?), "ஆமேலெ?" (அப்புறம்?), "சரி". இந்த மூன்றும் போதும். எதிராளி தொடர்ந்து பேசுவார், உங்களுக்கு இன்னும் கொஞ்சம் காதில் விழும்.

படி 3: ஒரே கடைக்குப் போங்கள்

தினமும் ஒரே கடை, முடிந்தால் கூட்டமில்லாத நேரம். அங்கே வரும் பேச்சு கிட்டத்தட்ட ஒன்றேதான் என்பதால் அடுத்து என்ன கேட்பார் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம். அந்த 0.2 விநாடி இடைவெளியை எட்ட இதுதான் குறுக்குவழி.

இப்படி ஒரு பேச்சைக் கவனியுங்கள்:

— டொமாட்டோ எஷ்டு? (தக்காளி எவ்வளவு?)
— கேஜி நலவத்து. (கிலோ நாற்பது.)
— ஒந்து கேஜி வேணும்.
— ஒந்து கேஜி பேக்கா? (ஒரு கிலோ வேணுமா?)
— ஹௌது, ஒந்து கேஜி பேக்கு. (ஆமாம், ஒரு கிலோ வேணும்.)

மூன்றாவது வரியில் தமிழ் நுழைந்துவிட்டது. கடைக்காரர் "தப்பு" என்று சொல்லவில்லை, சரியான சொல்லை வைத்துத் திருப்பிக் கேட்டார், அவ்வளவுதான். உரையாடல் நமக்குச் சொல்லித்தருவது இப்படித்தான். அந்தத் திருத்தம் நமக்குத் தேவைப்படும் அதே நொடியில், நாம் சொல்ல நினைத்த அதே விஷயத்துக்காக வருகிறது. ஐந்தாவது வரிதான் கற்பவரின் பங்கு. வெறும் தலையாட்டலோடு விடாமல், கேட்ட சொல்லை அங்கேயே வாயால் சொல்லிவிட வேண்டும்.

கேட்டுக்கொண்டே இருந்தால் தானாக வந்துவிடும் என்பார்கள். ஆனால் கனடாவில் பல வருடம் பிரெஞ்சு வழியில் படித்த, ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கு, கேட்டுப் புரிந்துகொள்வது நன்றாகவே வந்தது. பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் மட்டும் பின்தங்கியது. போதுமான அளவு பேச வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வரவில்லை என்று மெரில் ஸ்வெயின் என்ற மொழியியலாளர் 1985-இல் வாதிட்டார். அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் படுகிறது.

படி 4: ஒரு வரி நீட்டுங்கள்

பேச்சு முடியும் இடத்தில் இன்னொரு வரி சேருங்கள். விலை சொன்னதும் "ஸ்வல்ப கம்மி மாடி" (கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்) எனலாம். பக்கத்து வீட்டுக்காரர் "திண்டி ஆய்த்தா?" (டிபன் ஆச்சா?) என்று விசாரித்தால் "ஆய்த்து" (ஆச்சு) என்று மட்டும் சொல்லி நகராமல் "நிம்து?" (உங்களுக்கு?) என்று திருப்பிக் கேளுங்கள். இப்போது பேசும் முறை அவருடையது. அவர் இட்லியா, உப்பிட்டா (உப்புமாவா) என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வியை யோசித்துக்கொள்ளலாம்.

போன் பேச்சை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முகமும் கைச்சாடையும் தெரியாது என்பதால் ஊகிக்கவே வழியிருக்காது. நேரில் ஐந்தாறு வரி தடையில்லாமல் போகத் தொடங்கிய பிறகு, ஆட்டோக்காரருக்கு வீட்டு வழி சொல்வதிலிருந்து அதையும் ஆரம்பிக்கலாம்.